ஐயாயிரம் பாட்டோடு குடித்தனம்

அக்கா மகன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறான். அரைவைப் பருவத்தில் பெரியசெவலை ஆலை வாசலில் வண்டி வரிசை நீண்டுவிட்டால் ராத்திரி முழுக்க டிராக்டரிலேயே கிடக்க வேண்டும். துணைக்குப் பாட்டுதான். அவன் பென்டிரைவில் ஏழாயிரம் பாட்டு இருப்பதாகப் பெருமையாகச் சொன்னான். "அப்படின்னா எம்.எஸ்.வி. பாட்டு ஒண்ணு போடு" என்றேன். பட்டனை அமுக்கினான், அமுக்கினான், எலவனாசூர்கோட்டை வரும் வரைக்கும் அமுக்கினான். "இருக்கு மாமா, தேடுனாத்தான் கெடைக்கல" என்றான். ஏழாயிரத்தில் அவன் கேட்பது முதல் முப்பதுதான் என்று அப்புறம் ஒப்புக்கொண்டான்.

பெரிய கொள்ளளவுள்ள பாட்டுப் பெட்டி வாங்கிய எல்லோருக்கும் வருகிற நோய் இது. பெட்டியை வாங்குவது ஒரு நாள் வேலை. வாங்கிய பிறகு அதோடு குடித்தனம் நடத்துவதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். கையில் போன் இருக்கும்போது தனியாகப் பாட்டுப் பெட்டி எதற்கு? உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டால் நியாயமான கேள்விதான். சென்னை–திருச்சி சாலையிலிருந்து சேலம் சாலை பிரிகிற ஊர் இது, சிக்னலுக்குப் பஞ்சமில்லை. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறிப் பாருங்கள். நாலு வளைவு திரும்பியதும் ஆப்பில் ஓடிய பாட்டு பாதிச் சரணத்தில் நின்றுவிடும். கல்வராயன் மலை கிராமங்களுக்கு வேலையாகப் போகிற ஆசிரியர்கள், செவிலியர்கள், மளிகை வண்டிக்காரர்கள் இன்றைக்கும் மெமரி கார்டை விடாமல் வைத்திருப்பதன் காரணம் இதுதான். ஆப்பில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்புகள் 30 நாளைக்கு ஒரு தடவையாவது நெட்டில் வந்து தலைகாட்டச் சொல்லும். இல்லாவிட்டால் இறக்கியது ஓடாது. கம்பெனி கடையையே மூடிவிடுவதும் உண்டு. 2024-ல் ஏர்டெல் தன் விங்க் பாட்டு ஆப்பை மூடியபோது, வருஷக்கணக்காகச் சேர்த்த பட்டியல்களோடு பலர் திகைத்து நின்றார்கள். கார்டில் கிடக்கும் பாட்டை யாரும் அப்படி மூட முடியாது.

முதலில் கணக்கு

கடைக்குப் போவதற்கு முன்னால் பேப்பர் பேனா எடுங்கள். எம்பி3 பாட்டின் அளவு அதன் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை கிலோபிட் என்பதைப் பொறுத்தது. 128 என்றால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. 320 என்றால் நிமிஷத்துக்கு 2.4 எம்பி. நம் சினிமாப் பாட்டின் சராசரி நீளம் நாலரை நிமிஷம் என்று வைத்தால் 320-ல் ஒரு பாட்டு 11 எம்பிக்குச் சற்றுக் குறைவு. 5,000 பாட்டுக்கு 54 ஜிபி. தினம் மூன்று மணி நேரம் கேட்டாலும் 5,000 பாட்டும் ஒரு சுற்று வர நாலு மாதத்துக்கு மேல் ஆகும். 128 ஜிபி கார்டில் 11,000 பாட்டுக்கு மேல் பிடிக்கும். அதைக் கேட்டு முடிக்கப் பத்து மாதம்.

இதற்கு மேல் கொள்ளளவு வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என் கட்சி: 256 ஜிபி கார்டு ஒன்று வாங்குகிற காசுக்கு 128 ஜிபி கார்டு இரண்டு வாங்குங்கள். ஒன்று பெட்டியில், ஒன்று பீரோவில். ஏன் இரண்டு என்பது கீழே வரும்.

கார்டை கம்ப்யூட்டரில் சொருகியதும் 128 என்று எழுதியிருப்பது 119 என்று காட்டும். பயப்பட வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். 119 என்று காட்டிவிட்டு உள்ளே 8 மட்டும் இருந்தால்தான் பயப்பட வேண்டும். அந்த மாதிரிக் கதை எனக்கு நடந்தது, வருகிறேன்.

தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 128-ல் இருக்கும் பாட்டை ஏதோ ஒரு மென்பொருளில் போட்டு 320 ஆக்கித் தருவதாகச் சொல்வார்கள். தண்ணி கலந்த பாலைப் பெரிய சொம்புக்கு மாற்றினால் பால் கூடாது. இழப்பில்லாத ஃப்ளாக் வடிவம் சி.டி. தரத்தில் ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய 30 எம்பி கேட்கும். நல்ல சி.டி. கையில் இருந்து, நல்ல ஹெட்போனும் இருந்தால் அப்படி வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடை ஸ்பீக்கருக்கும் டிராக்டர் பாக்ஸுக்கும் 320 தாராளம்.

எந்தப் பெட்டி

2001 அக்டோபரில் ஆப்பிள் ஐபாட் வந்தபோது அதன் கொள்ளளவு 5 ஜிபி. ஆயிரம் பாட்டு சட்டைப் பையில் என்பதுதான் விளம்பரம். அதற்கு முந்தைய வருஷமே சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனி 6 ஜிபியில் ஒரு பெட்டியை விட்டுவிட்டது, பார்க்க சி.டி. பிளேயர் மாதிரி கொழுத்திருந்ததால் பையில் ஏறவில்லை. பிறகு ஐபாட் கிளாசிக் 160 ஜிபி வரைக்கும் வளர்ந்து 2014-ல் நின்றது. 2022-ல் ஐபாட் வரிசையையே ஆப்பிள் முடித்துக்கொண்டது. இன்றும் பழைய கிளாசிக்கைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. உள்ளே சுழல்கிற சின்ன ஹார்டு டிஸ்க் இருக்கிறது. நம் ஊர் ரோட்டில் பைக் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போனால் அதன் ஆயுள் குறையும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், டிஸ்க்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்திய பெட்டியாகப் பாருங்கள்.

சோனி, ஃபியோ போன்ற கம்பெனிகள் பாட்டுக்கென்றே செய்கிற பெட்டிகள் வேறு ரகம். கார்டு போட்டுக்கொள்ளலாம், ஒலி துல்லியமாக இருக்கும். சோனி என்.டபிள்யூ.-ஏ105 வாக்மேன் 2020-ல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 23,990 ரூபாய். கர்நாடக சங்கீதத்தைக் கண்ணை மூடிக் கேட்கிறவருக்குப் பொருந்தும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கலாம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது சரிகம கம்பெனியின் கார்வான். பழைய ரேடியோ போன்ற தோற்றம், திருகுகிற குமிழ், உள்ளேயே 5,000 பாட்டு. 2017-ல் இந்தியில் தொடங்கித் தமிழுக்கும் வந்தது. ஒரு காலத்தில் நாய்ப்படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டு வெளியிட்ட அதே கம்பெனிதான் இது. நெட் வேண்டாம், போன் வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொண்டு எதையும் தொட்டுத் தேய்க்க வேண்டாம். என் அம்மா முதல் நாளே பழகிக்கொண்டார். ஒரே குறை, உள்ளே இருக்கும் பாட்டெல்லாம் அந்தக் கம்பெனிக்கு உரிமையுள்ளவை. எண்பதுகளின் இளையராஜா படங்கள் பலவும் எக்கோ போன்ற வேறு கம்பெனிகளில் வந்தவை. அவற்றைத் தேடினால் குமிழைத் தேய்த்து விரல் நோகும். உள்ளிருக்கும் 5,000-ல் ஒன்றை அழிக்கவோ கூட்டவோ முடியாது. வெளியே பென்டிரைவ் சொருகலாம். குறையை அதில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் அம்மாவிடம் பத்துப் பாட்டுச் சொல்லச் சொல்லி, பெட்டியோடு வரும் பட்டியல் புத்தகத்தில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதெல்லாம் சொன்னாலும், உளுந்தூர்பேட்டையில் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மேஜை டிராயரில் கிடக்கிற பழைய ஆண்ட்ராய்டு போனை எடுங்கள். கார்டு போடுகிற இடமும் ஹெட்போன் துளையும் இருக்க வேண்டும். சிம்மைக் கழற்றுங்கள், தேவையில்லாத ஆப்புகளை நீக்குங்கள், ஏரோபிளேன் மோடில் போடுங்கள், பாட்டு ஆப் ஒன்றை மட்டும் வையுங்கள். போன் வராது, செய்தி வராது, சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும். இருபதாயிரம் ரூபாய்ப் பெட்டி செய்யும் வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிடும். பின்பக்கம் உப்பியிருந்தால் மட்டும் தொடாதீர்கள். அது பேட்டரி வீங்கியிருப்பதன் அடையாளம்.

எந்தப் பெட்டியானாலும் கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். தமிழில் பெயரிட்ட ஒரு பாட்டைக் கார்டில் கொண்டுபோய்ச் சொருகிப் பாருங்கள். பெயரில் கொ, பொ போன்ற எழுத்துகள் இருக்கட்டும். திரையில் கட்டம் கட்டமாக வந்தால் பெட்டிக்குத் தமிழே தெரியாது. கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் தள்ளி நின்றால் அரைகுறையாகத் தெரியும். அப்படிப்பட்ட பெட்டிக்குக் கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

கார்டு வாங்கி ஏமாந்த கதை

சில வருஷத்துக்கு முன்னால் வெளியூர் போனபோது, ரோட்டோரக் கடையில் 256 ஜிபி கார்டு பாதி விலைக்குக் கிடைத்தது. வாங்கினேன். கம்ப்யூட்டரும் 238 ஜிபி என்றே காட்டியது. இருந்த பாட்டையெல்லாம் ஏற்றினேன். கடைசியாக, அப்பா பதிந்து வைத்திருந்த கூத்து கேசட்டுகளிலிருந்து ஒரு மாதம் உட்கார்ந்து மாற்றிய ஒலிக்கோப்புகளையும் ஏற்றினேன். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று அங்கிருந்த மூலத்தை அழித்தேன். இந்த வரியை எழுதும்போதுகூட வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் எல்லாக் கோப்பின் பெயரும் இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது. பாட்டு மட்டும் இல்லை. முதலில் ஏற்றிய சில நூறு பாட்டு ஓடியது, மற்றதெல்லாம் மௌனம்.

நடந்தது இதுதான். அது 8 ஜிபி கார்டு. உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதி, 256 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். 8 ஜிபி நிரம்பிய பிறகும் அது "சரி, வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வாங்கியதைக் கீழே போட்டுவிடும். பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கப் பகுதியில் எழுதப்படுவதால் அது மட்டும் பத்திரமாக இருக்கும். சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டிருக்கிறது, சோறு வரவில்லை என்கிற கதை.

ஆகவே புதுக் கார்டு வாங்கியதும் எதையும் ஏற்றாமல் முழுசாகச் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு நிரம்ப எழுதி, திரும்பப் படித்து, எவ்வளவு உண்மை எவ்வளவு பொய் என்று சொல்லும். 128 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்கள் கார்டை நிரப்பிவிட்டு, கார்டைக் கழற்றி மாட்டி, கடைசியாக ஏற்றிய பாட்டைப் போட்டுப் பாருங்கள். முதல் பாட்டு ஓடுவதால் ஒன்றும் நிரூபணமாகாது.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். சி.டி. தரப் பாட்டு ஓட நொடிக்கு 0.2 எம்பிகூடத் தேவையில்லை. மலிவான நல்ல கம்பெனிக் கார்டே போதும். ஏற்றும்போது மட்டும் வேகம் தெரியும்: நொடிக்கு 10 எம்பி வேகத்தில் 100 ஜிபி ஏற இரண்டே முக்கால் மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் பெயர்ப் பட்டியல் கெட்டுப்போக வாய்ப்புண்டு. மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நாலு இளையராஜா

இனி அக்கா மகனின் நோய்க்கு வருவோம். கேசட் காலத்தில் இந்த நோய் கிடையாது. ரெக்கார்டிங் சென்டருக்குப் பேப்பரில் பாட்டு எழுதிக்கொண்டு போவோம். 60 நிமிஷ கேசட்டில் பன்னிரண்டு, பதிமூன்று பாட்டு. எதை விடுவது என்று வழியெல்லாம் சண்டை. அட்டையில் அந்தக் கடைக்காரர் கையெழுத்தில் பட்டியல் இருக்கும். பாட்டு குறைவாக இருந்ததால் ஒவ்வொன்றும் இருக்கிற இடம் விரலுக்குத் தெரியும். பிறகு நெடுஞ்சாலை மோட்டல்களில் நூற்றைம்பது பாட்டு எம்பி3 சி.டி. தொங்கியது, அப்புறம் பாட்டு ஏற்றிய பென்டிரைவ். பாட்டு பெருகப் பெருக அட்டை காணாமல் போயிற்று. அந்த அட்டை வேலையை இப்போது நாம்தான் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு பாட்டுக் கோப்புக்குள்ளும் டேக் என்று ஒரு சீட்டு இருக்கிறது: பாட்டின் பெயர், ஆல்பம், பாடியவர், இசை, வருஷம். பெட்டி தேடுவது இந்தச் சீட்டைத்தான். எங்கெங்கிருந்தோ சேர்த்த பாட்டில் இந்தச் சீட்டு குப்பையாக இருக்கும். இளையராஜாவை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ஒரு ஏ போடுகிறார், ஒருவர் இரண்டு ஏ, ஒருவர் ஐக்குப் பதில் ஒய், இன்னொருவர் இரண்டு எல். பெட்டிக்குள் நாலு இளையராஜா தனித்தனியாக உட்கார்ந்திருப்பார்கள். எந்த இளையராஜாவைத் திறந்தாலும் பாட்டு கால்வாசிதான் இருக்கும்.

எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் மொத்தமாக ஆயிரம் பாட்டைத் தேர்ந்தெடுத்து ஒரே அடியில் திருத்தலாம். நான் பின்பற்றும் முறை இது. ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயரும் வருஷமும் சேர்த்து. வருஷம் கட்டாயம். 1965-லும் ஆயிரத்தில் ஒருவன் உண்டு, 2010-லும் உண்டு. வருஷம் போடாவிட்டால் விஸ்வநாதன்–ராமமூர்த்தியும் ஜி.வி. பிரகாஷும் ஒரே ஆல்பத்தில் தோளோடு தோள் இடித்துக்கொள்வார்கள். பில்லா 1980, பில்லா 2007. படிக்காதவன் 1985, படிக்காதவன் 2009 என்று இந்தப் பட்டியல் நீளும்.

பாடியவர் என்ற இடத்தில் பாடகர் பெயர். இசையமைப்பாளருக்கென்று தனி இடம் இருக்கிறது. ஆனால் பாதிப் பெட்டிகள் அதை வைத்துத் தேட விடுவதில்லை. வெளிநாட்டில் பாட்டைப் பாடகரை வைத்துத் தேடுகிறார்கள் போலிருக்கிறது. நாம் தேடுவது படத்தை வைத்து, இல்லாவிட்டால் இசையமைப்பாளரை வைத்து. அதனால் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் நான் இசையமைப்பாளர் பெயரைப் போட்டுவிடுகிறேன். அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு தேடுவது பாதி வேலையாகிவிட்டது.

சினிமா அல்லாதவற்றை இந்தச் சட்டத்தில் அடைக்காதீர்கள். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்துத் திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். எங்கள் தெருவில் தேவாரம் கேட்காமல் காபி குடிக்காத வீடுகள் உண்டு. தருமபுரம் சுவாமிநாதன் பாடிய பதிகங்களை அவர்கள் தேடுவது தலத்தின் பெயரை வைத்து. சிலர் பண்ணின் பெயரை வைத்து. ஆல்பம் என்ற இடத்தில் தலத்தின் பெயரைப் போடுங்கள். கேட்பவர் எப்படிக் கூப்பிடுவாரோ அதுதான் சீட்டில் இருக்க வேண்டிய பெயர்.

ஆயிரக்கணக்கில் இருக்கிறதே, எப்போது திருத்தி முடிப்பது என்று மலைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு இசையமைப்பாளர். மழைக்காலம் முடிவதற்குள் முடிந்துவிடும். திருத்தும்போதே ஒரே பாட்டு ஐந்து தடவை இருப்பது தெரியவரும். அழியுங்கள். என் பதினோராயிரம் இப்படித்தான் 6,400 ஆயிற்று.

டிராக்டரிலும் காரிலும்

வண்டியில் இருக்கும் மலிவான டெக்குகளுக்கு மேலே சொன்ன சீட்டெல்லாம் படிக்கத் தெரியாது. பெயர் வரிசைகூட தெரியாது. எந்தப் பாட்டு முதலில் கார்டில் எழுதப்பட்டதோ அதைத்தான் முதலில் பாடும். அக்கா மகனுக்கு அந்த முப்பது பாட்டே திரும்பத் திரும்ப வந்ததன் ரகசியம் இதுதான். வண்டிக்கென்று தனிப் பென்டிரைவ் வைத்து, காலியாக்கி, ஃபோல்டர் ஃபோல்டராக வேண்டிய வரிசையில் ஏற்றினால் சரியாகிவிடும். கோப்புக்கு முன்னால் எண் போடுவதானால் 1, 2 என்று போடாமல் 001, 002 என்று போடுங்கள். இல்லாவிட்டால் எண் பார்க்கிற டெக்குகளில் 1-க்குப் பிறகு 10 வரும்.

64 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வருகின்றன. பழைய டெக் அதை அறியாமல் ஒன்றுமே இல்லை என்று சொல்லும். ஃபேட்32 முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸின் சொந்தக் கருவி பல காலமாக 32 ஜிபிக்கு மேல் அதைச் செய்ய மறுத்து வந்தது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் செய்துவிடும். நான் அக்கா மகனுக்கு 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் நானூறு பாட்டு மட்டும் ஏற்றிக் கொடுத்தேன். இப்போது எம்.எஸ்.வி. கிடைக்கிறார்.

போனைச் சார்ஜில் போட்டபடி ஒயர் வழியாகப் பாட்டுக் கேட்டால் எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஸ்பீக்கரில் "கொய்ங்" என்று ஒரு இரைச்சல் வரும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று மாற்றாதீர்கள். சார்ஜர் ஒயரை உருவிப் பாருங்கள், நின்றுவிடும்.

வெயிலும் காதும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு மேல் பெட்டியை வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்போது 45 டிகிரி என்பதே மேல் எல்லை. பல மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். முழுசாகவும் வேண்டாம், பூஜ்யமும் வேண்டாம். பீரோவில் இருக்கும் இரண்டாவது கார்டை வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துச் சொருகிப் படிக்க விடுங்கள். கரண்டே காணாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதில் எழுதியது மெல்ல மறையும்.

காதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபெல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75. நடைமுறையில், ஹெட்போன் மாட்டியிருக்கும்போது பக்கத்தில் பேசுபவர் குரல் கேட்க வேண்டும். பஸ்ஸில் எஞ்சின் சத்தத்தை அமுக்கச் சத்தத்தைக் கூட்டுவதுதான் காதைக் கெடுப்பது. காதுக்குள் இறுகப் பொருந்துகிற வகை இயர்போன் வாங்கினால் பாதிச் சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கும்.

உரிமை விஷயம்: ஒலிப்பதிவுக்கு இந்தியச் சட்டப்படி வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. நீங்கள் வாங்கிய சி.டி.யை உங்கள் பெட்டியில் வைத்துக் கேட்பது ஒன்று. காசு வாங்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் கார்டில் ஏற்றித் தருவது வேறு. பின்னதற்கு மூன்று வருஷம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது.

கூத்து கேசட்

இந்தப் பெரிய கொள்ளளவுக்கு உண்மையான உபயோகம் எனக்குத் தெரிந்தது சினிமாப் பாட்டில் அல்ல. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பத்து நாள், அதற்கு மேலும், பாரதக் கூத்து நடக்கும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய. ஒரு ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் பத்து ராத்திரிக்கு எண்பது மணி நேரம். 128 பிட்ரேட்டில் ஐந்து ஜிபிகூட வராது. இழப்பில்லாத ஃப்ளாக்காக வைத்தாலும் 64 ஜிபி கார்டில் அடங்கும். ஒரு ஊரின் பாரதம் முழுசும் சட்டைப் பையில்.

நேரடியாகப் பதிகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சி.டி. தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் 4 ஜிபி நிரம்ப ஆறே முக்கால் மணி நேரம். ஃபேட்32 கார்டில் ஒரே கோப்பு அதற்கு மேல் வளராது. நல்ல ரெக்கார்டர் தானே அடுத்த கோப்பைத் தொடங்கும்; சாதாரணப் போன் ஆப் பதிவை நிறுத்திவிடலாம். விடியற்காலையில்தான் கூத்து உச்சத்துக்கு வரும். கட்டியங்காரன் வேடிக்கையெல்லாம் பதிந்து, விடியற்காலை பதியாமல் போவது கொடுமை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களே நிறுத்தித் தொடங்குங்கள். ஜமா, அதாவது கூத்துக் குழுவின் வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி கேளுங்கள். "பதிஞ்சிக்கறேன் வாத்தியாரே" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்; ஒரு காப்பி கேட்பார்கள். கொடுக்க வேண்டும்.

பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் கொஞ்சம். ஓடுகிற நேரம் முழுக்க உட்கார்ந்துதான் மாற்ற வேண்டும், குறுக்குவழி கிடையாது. முதலில் கேசட்டை ஒரு தடவை முழுசாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் நாடா பிரியும். உள்ளே நாடாவை ஹெட்டோடு அழுத்துகிற சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தால் சத்தம் மங்கும். வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். பிளேயர் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். பாட்டு ஓடும்போதே மெல்லத் திருப்பினால் ஒரு இடத்தில் தாளச் சத்தம் பளிச்சென்று வரும். அங்கே விட்டுவிடுங்கள். பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். அளவுமுள் உச்சத்தைத் தொடாமல் கொஞ்சம் கீழேயே இருக்கட்டும். டேப்ரெக்கார்டரில் பதிந்தது மோனோ என்றால் மோனோவாகவே வாங்குங்கள், இடம் பாதிதான் பிடிக்கும்.

அப்பா எண்பதுகளின் கடைசியில் கோயில் திடலில் உட்கார்ந்து பதிந்தவை பதினாலு கேசட், 90 நிமிஷம் ஓடுபவை. பொய்க் கார்டில் போனதும் அவைதான். கேசட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தேன். ஒன்றில் நாடா அறுந்து அறுந்து வந்தது. இன்னொன்றில் பூஞ்சை பிடித்து வெறும் இரைச்சல். அந்த இரண்டில்தான் பாரதத்தின் உச்சமான படுகளம் இருந்தது.

உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருந்தால் இந்த மாதமே இறக்குங்கள். மாற்றிய பிறகு ஒரு காப்பி பெட்டியில், ஒரு காப்பி பீரோவில், ஒரு காப்பி ஆடிய ஜமாவின் வீட்டில். என்னிடம் இப்போது இருப்பது பன்னிரண்டு.